கோணல் பல்லும் நேரான கேள்விகளும்

மலையகத் தோட்டங்களில் பல் வைத்தியம் என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே ஒரு பொருள்தான் உண்டு: பிடுங்குதல். வலி வந்தால் முதலில் கிராம்பு. அது கேட்காவிட்டால் உப்பு நீர். அதுவும் கேட்காவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு வலி மாத்திரை. கன்னம் வீங்கி, இரவுத் தூக்கம் கெட்டு, ஒரு நாள் 'பேர்' போனாலும் போகட்டும் என்ற நிலை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போனால் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். இடையில் வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும், அதைச் செய்ய அருகில் ஆள் இருந்ததில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு உறைத்தது அண்மையில் கொழும்பில் நடந்த ஒரு சந்திப்பில். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி. மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. அவளுக்குக் கம்பி போட வழியிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அங்கிருந்த படித்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "சோற்றுக்கே வழியில்லை, பல்லுக்குக் கம்பியா?" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாள்களில் வேலை செய்தவன் நான். இந்தச் சிரிப்பை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடயங்களுக்குக் கேட்டிருக்கிறேன். லயத்துக்கு மலசலகூடமா? தோட்டத்துப் பிள்ளைக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பா? அப்போதெல்லாம் சிரித்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. கோரிக்கைகள் மட்டும் அப்படியே நின்று நியாயம் பெற்றன, அல்லது பெற்றுக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நண்பர்களே, அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, கோணல் பல் என்பது வெறும் அழகுக் குறை அல்ல. பல நேரங்களில் அது பிறவிக் குணமும் அல்ல. தாடையின் அமைப்பு பெற்றோரிடமிருந்து வருவது உண்மைதான். ஆனால் பல்வரிசை குலைவதற்கு இன்னொரு பெரிய காரணம், பாற்பற்களைக் காலத்துக்கு முன்பே இழப்பது. "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று நம் மக்கள் சொல்வார்கள். அந்தப் பல் விழ வேண்டிய வயது ஒன்று இருக்கிறது. பின்பக்கத்துப் பாற்கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை தாடையில் நின்று, தமக்குக் கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. ஐந்து வயதில் அது சூத்தை பிடித்து, அடைக்க ஆளின்றிப் பிடுங்கப்பட்டால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னோக்கி நகர்ந்துவிடும். இடம் போய்விடும். பிறகு வரும் பல் எங்கே நிற்கும்? வெளியே தள்ளி நிற்கும், அல்லது உள்ளே மடங்கி நிற்கும், அல்லது வெளிவராமல் எலும்புக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும்.

அந்த ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லின் கதை இன்னும் பரிதாபமானது. எந்தப் பாற்பல்லும் விழாமல், வரிசையின் பின்முனையில் அது புதிதாக முளைப்பதால், அதையும் பாற்பல் என்றே தாய்மார் எண்ணிவிடுகிறார்கள். அது சூத்தையானாலும் "விழுந்து முளைக்கும்" என்று காத்திருக்கிறார்கள். அது மீண்டும் முளைப்பதில்லை. வாய் முழுவதையும் தாங்கும் தூண் அது. அதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சொல்ல வேண்டியவர் ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, பிடுங்குவதை மட்டுமே அறிந்த வைத்தியம் கோணல் பற்களையும் உற்பத்தி செய்கிறது. முதலில் பல்லடைக்கும் வசதியை மறுக்கிறோம். அதனால் வரிசை குலைகிறது. பிறகு அதைச் சீராக்கும் வசதியையும் மறுத்து, "கம்பி எல்லாம் பணக்காரர் விவகாரம்" என்கிறோம். ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை அநீதி.

இரண்டாவது, பற்சீராக்கல் என்பது பொழுதுபோக்கு வைத்தியம் அல்ல. அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் 1899 இல் பற்கள் பொருந்தும் முறையை வகைப்படுத்தினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. யாருக்குத் தேவை, யாருக்கு ஆசை என்பதைப் பிரித்தறிய 1989 இல் பிரித்தானியாவில் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. ஐந்து படிகள் கொண்ட சிகிச்சைத் தேவைச் சுட்டெண் அது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் நான்காம், ஐந்தாம் படியில் இருந்தால் அங்கே அரச சேவையில் இலவசச் சிகிச்சைக்கு உரியவர். மூன்றாம் படியில் இருந்தால் தோற்றத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள். மேல்பல் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் முன்தள்ளி நின்றால் அது நான்காம் படி. ஒன்பதைத் தாண்டினால் ஐந்தாம் படி. ஏன்? விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பற்கள். மலைச்சரிவில் படிக்கட்டில் ஓடி இறங்கிப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கோ சத்திரசிகிச்சை நிபுணரைப் போலவே பற்சீராக்கல் நிபுணரும் பல ஆண்டுகள் தேவைப்படுகிறார். இதையும் ஆடம்பரம் என்போமா?

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இதை வாசிக்கும் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் கம்பி போட்டபோது அதை ஆடம்பரம் என்று நினைத்தீர்களா? பெற்றோரின் கடமை என்றுதான் நினைத்தீர்கள். சரியாகவே நினைத்தீர்கள். அதே அளவுகோலைப் பொகவந்தலாவைக்குக் கொண்டு வரும்போது மட்டும் ஏன் நம் கை நடுங்குகிறது?

மூன்றாவது, "அரசாங்க வைத்தியசாலையில் எல்லாம் இலவசம்தானே" என்ற வாதம். ஆம், இலவசம். இலங்கையின் இலவச மருத்துவத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உலகத்தில் பல நாடுகளுக்கு இல்லாத பெருமை அது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கம்பிச் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீளும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். மாதம் ஒன்று என்று வைத்தால் 24 பயணங்கள். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹற்றன். ஹற்றனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. இருட்டில் புறப்பட்டு இருட்டில் வீடு திரும்பும் பயணம். பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. தாய் கூடப் போக வேண்டும். அன்று அவளுக்குப் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தின்படி 24 நாட்களுக்கு 32,400 ரூபா. இரண்டு பேருக்கு இரண்டு வழி பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு தனி. சம்பளம் உயர உயர இழக்கும் தொகையும் உயரும். பிள்ளைக்கோ 24 பாடசாலை நாட்கள், ஏறத்தாழ ஐந்து வாரப் படிப்பு, போய்விடும். இதெல்லாம் காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைத்த பிறகு. இதற்குப் பெயர் இலவசமா?

தனியார் வைத்தியரிடம் போனால் செலவு இலட்சங்களில் நிற்கும். அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது பாதைகள் சரிந்தன. இருப்புப் பாதையும் சிதைந்தது. சாதாரண நாளிலேயே நெடுந்தொலைவில் இருக்கும் சேவை, அந்த நாட்களில் இல்லாத சேவை ஆகிவிட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் வைத்தியம் முழுவதையும் ஒற்றைப் பாதையின் மறுமுனையில் வைத்திருப்பது எவ்வளவு பேதைமை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. இந்த நாட்டின் பல் மருத்துவக் கல்வி 1943 இல் கொழும்பில் தொடங்கி, 1950களில் பேராதனைக்கு வந்தது. 1998 இல் ஜப்பானிய உதவியுடன் அங்கே பல் போதனா வைத்தியசாலை எழுந்தது. அண்மைக் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது பீடம் தொடங்கும்வரை இலங்கையில் பல் வைத்தியர்களை உருவாக்கிய ஒரே பீடம் பேராதனைதான். பேராதனை எங்கே இருக்கிறது? மலையகத்தின் வாசலில். அறிவு வாசலில் உட்கார்ந்திருக்க, வீட்டுக்குள் எழுபது ஆண்டுகளாகப் பல்வலி.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வியப்பு அல்ல. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று 1912 இல் வெள்ளையர் ஆட்சி கட்டளைச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அதன் நோக்கம் தொழிலாளியை வேலைக்குத் திரும்ப வைப்பது. காய்ச்சல், வயிற்றோட்டம், கொக்கிப்புழு, பிரசவம் ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் வந்தன. ஏனெனில் அவை கொழுந்தின் நிறையைக் குறைத்தன. பல்வலியோடு கொழுந்து பறிக்கலாம். ஆகவே பல் கணக்கில் வரவில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. துரைமார் மாறினார்கள், பலகைகள் மாறின. தோட்டப் பாடசாலைகளை 1970களிலிருந்து அரசாங்கம் பொறுப்பேற்றது. தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கும் வேலையோ 1990களில் தொடங்கி இன்னும் நொண்டியடிக்கிறது. தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை. அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டம் தனி நிர்வாகம். இருவருக்கும் நடுவில் நிற்கிறது பிள்ளையின் சூத்தைப்பல்.

2017 மே 12 ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையைத் திறந்து வைத்தார். நோர்வூட் மைதானத்தில் மக்கள் வெள்ளம். நல்லது, நன்றியோடு ஏற்கிறேன். ஆனால் கட்டில் கணக்கு நோயாளிக்கான கணக்கு. நோயாளி ஆகாமல் காக்கும் வைத்தியருக்குக் கட்டில் வேண்டாம். ஒரு நாற்காலி போதும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறேன். நமக்கு வேண்டியது கம்பி மட்டுமல்ல. நமக்கு வேண்டியது குடும்பப் பல் வைத்தியர். பாட்டி, தாய், பிள்ளை மூன்று பேரையும் பெயர் சொல்லி அறிந்த, நம் மொழியில் பேசுகிற, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயைத் திறந்து பார்க்கிற ஒருவர். பிள்ளைக்கு எட்டு வயதாகும்போதே "இவளுக்கு இடம் போதாது, இப்போதே ஒரு சிறு கருவி வைத்து இடத்தைக் காப்போம்" என்று சொல்லக் கூடியவர் அவர். அந்த வேலை அன்றே நடந்தால், பதின்மூன்று வயதில் கம்பியே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டாலும் எளிதாக முடியலாம்.

அவர் தாயின் வாயையும் பார்ப்பார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மலையில் குளிருக்கும் களைப்புக்கும் பசிக்கும் அதுவே துணை. பாக்கு தனியாகவும், புகையிலை சேராத வெற்றிலையும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003 இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அது திடீரென வருவதில்லை. வெண்படலமாக, செம்படலமாக, வாய் திறப்பு குறையும் இறுக்கமாக, ஆண்டுக் கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே வருகிறது. அறிவிப்பை வாசிக்கத் தெரிந்த கண் அருகில் இல்லாவிட்டால், அந்த மனிதர் மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது நேரம் கடந்திருக்கும். பிள்ளையின் கோணல் பல்லைப் பார்க்க வந்த வைத்தியர் தந்தையின் உயிரைக் காப்பாற்றலாம் என்பதே என் வாதம்.

"வெற்றிலை போடுகிறார்கள், சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார்கள், பல் கெடாமல் என்ன செய்யும்?" என்று மக்கள்மேலேயே பழியைப் போடும் கூட்டமும் உண்டு. பழக்கம் மாற வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சீனிச் சாயத்தையும் ரொட்டியையும் காலைச் சாப்பாடாக்கியது அவர்களின் சம்பளம். மலைநாட்டு ஊற்று நீரில் புளோரைட் குறைவு. வறண்ட வலயத்தில் அது மிகையாகிப் பல்லில் கறை விழுத்துகிறது, இங்கே போதாமல் இருக்கிறது. ஆகவே புளோரைட் பற்பசை இங்கே அத்தியாவசியப் பொருள். உலக சுகாதார அமைப்பு 2021 இல் அதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அறிவுரை சொல்லும் கனவான்கள் முதலில் பிள்ளை மடுவத்தில் ஆளுக்கொரு பற்தூரிகையும் பற்பசையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்து, நம் புலம்பெயர் அன்பர்களின் மருத்துவ முகாம்கள். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை, ஒரு பாடசாலை மண்டபம், பதாகை, மாலை, புகைப்படம். மாலைக்குள் நூற்றுக்கணக்கான பற்கள் வாளியில். முகாமில் வேறு என்ன செய்ய முடியும்? அடைத்த பல்லை அடுத்த மாதம் பார்க்க ஆள் இல்லை. கம்பி போட்டால் இறுக்க ஆள் இல்லை. ஆகவே பிடுங்குதல். தர்மம் என்ற பெயரிலும் அதே பழைய வைத்தியம். இந்த முகாம்களுக்குச் செலவாகும் விமானச்சீட்டுப் பணத்தில் ஒரு தோட்டப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் மாதம் இருமுறை ஒரு வைத்தியரை வரவழைக்கலாமே. புகைப்படத்துக்கு அது அழகாக இராது. பிள்ளைகளின் பல்வரிசைக்கு அழகாக இருக்கும்.

தொழிற்சங்கத் தலைவர்களிடமும் ஒரு வார்த்தை. 2021 இல் ஆயிரம் ரூபா, 2024 இல் 1,350 ரூபா, 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் மேலும் ஓர் அறிவிப்பு. சம்பளப் போராட்டத்தின் முக்கியத்துவத்தை யாரும் மறுக்க முடியாது. 2023 இல் மலையகம் 200 ஐ முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில் நிலமும் வீடும் சம உரிமையும் கேட்கப்பட்டன. இத்தனை கோரிக்கைகளுக்கு நடுவில், பிள்ளையின் வைத்தியத்துக்குத் தாய்க்குச் சம்பளத்தோடு அரைநாள் வேண்டும் என்ற சிறிய வரி ஒன்று ஒப்பந்தத்தில் இடம்பெறக் கூடாதா? நிர்வாகத்துக்கு அதனால் குடி முழுகிப் போகாது.

நான் கேட்பவை ஆகாயத்துக் கனிகள் அல்ல. 1921 இல் நியூஸிலாந்து, பாடசாலைக்கே போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியர் சேவையைத் தொடங்கியது. அந்த மாதிரியைப் பின்பற்றி 1950களிலேயே மகரகமையில் பயிற்சி தொடங்கிய நாடு இது. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்ற பதவி நமக்குப் புதிதல்ல. ஆகவே கேட்கிறேன்: தோட்டப் பாடசாலையில் முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லும் பார்க்கப்பட வேண்டும். தமிழ் பேசும் மலையகப் பிள்ளைகள் அந்தப் பயிற்சிக்கு எடுக்கப்பட வேண்டும். பற்சீராக்கல் நிபுணர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது ஹற்றன் வரை இறங்கி வர வேண்டும். நூறு தாய்மார் பேராதனைக்குப் போவதைவிட ஒரு நிபுணர் ஹற்றனுக்கு வருவது நாட்டுக்கு இலாபம். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பேராதனையில் நடக்கட்டும். இடையில் வரும் பரிசோதனைகள் அருகில் நடக்கட்டும். இதில் எது முடியாதது?

அதுவரை பெற்றோர் என்ன செய்வது? நகரில் தனியார் பல் வைத்தியரைத் தேடுவோருக்குச் சில வார்த்தைகள். அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை. பல் கட்டிக் கொடுப்பவர் எல்லோரும் பல் வைத்தியர் அல்லர். வாயைப் பார்த்த உடனே பிடுங்கலாம் என்கிறவரிடம், அடைத்துக் காப்பாற்ற முடியுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். கம்பி போடுவதாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்தாரா, எத்தனை மாதம், மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பி கழற்றிய பிறகு வரிசை கலையாமல் தாங்கும் கருவியும் அந்தக் கணக்கில் அடங்குமா என்று மறவாமல் கேளுங்கள்; அது இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுப் பாடு வீண். முகநூலில் விற்கும் 'நாகரிகக் கம்பி'களை வாங்கிப் பிள்ளையின் பல்லை ஆட்டிவிடாதீர்கள்.

பொகவந்தலாவையைத் தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்பார்கள். முகங்களைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரோன் 1879 இல் இறந்து அங்குள்ள தேவாலய முற்றத்தில்தான் அடங்கியிருக்கிறார். இன்றும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தேயிலைப் பெட்டியின்மேல் அச்சாகி உலகம் சுற்றுகிறது. உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்களை யாரும் அந்தப் பெட்டிக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. வாயைக் கையால் மறைத்துப் பேசும் பிள்ளை வகுப்பில் கையுயர்த்துவதில்லை. நேர்முகப் பரீட்சையில் தலைநிமிர்வதில்லை. பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் சொன்னதற்கு இந்தப் பொருளும் உண்டு.

உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2022 இல் அறிவித்தது. அந்தப் பெருங்கணக்கில் பொகவந்தலாவையின் ஒரு பிள்ளை கண்ணுக்குத் தெரியமாட்டாள். தெரிய வைப்பது எழுதுகிறவர்களின் வேலை. கேட்க வைப்பது வாக்களிக்கிறவர்களின் வேலை. அடுத்த முறை தோட்டத்துக்கு வேட்பாளர் வரும்போது, கூரைத் தகட்டோடும் கோயில் மணியோடும் சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க எந்த நாளில், எந்த இடத்தில், யார் வருவார்?